முதலில் வை... கடைசியில் எடு! - டிரெய்லர் வீட்டைக் காக்கும் முட்டுக்கட்டை

‘நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதீங்க’ என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோம். தேர்த் திருவிழாவுக்குப் போய்ப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். ஊரே கூடி வடம் பிடிக்க, ஆடி அசைந்து வருகிற தேரை வேண்டிய இடத்தில் நிறுத்துவதும், வீதி முனையில் திருப்பிவிடுவதும் சக்கரத்தின் அடியில் கொடுக்கப்படும் அந்தக் கட்டைதான்.

விமான நிலையத்திலும் இதே கட்டை உண்டு. விமானம் வந்து நின்றதும் ஊழியர் ஒருவர் ஓடிப்போய் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘வீல் சாக்’ என்று பெயர்.

தேருக்கும் விமானத்துக்கும் வேண்டியிருக்கிற கட்டை, நகரும் வீட்டுக்கு வேண்டாமா? அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் பிக்கப் டிரக்கின் பின்னால் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சமையல் மேடை, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ‘டிராவல் டிரெய்லர்’தான் அந்த வீடு. அங்கே இருக்கும் நம்மவர்களும் இப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களுக்குப் போகிறார்கள்.

போகிற வழியில் வண்டி ஓட்டுகிறவர் மீது எல்லோருக்கும் ஒரு கண் இருக்கும். ‘மெதுவாப் போப்பா’ என்று பின்சீட்டிலிருந்து அம்மா சொல்லிக்கொண்டே வருவார். கேம்ப் கிரவுண்டில் வண்டி நின்றதும் ‘அப்பாடா’ என்று எல்லோரும் இறங்கிவிடுவார்கள். நிஜத்தில், அப்போதுதான் கவனம் அதிகம் தேவை. இழுத்து வந்த வண்டியிலிருந்து டிரெய்லரைக் கழற்றுகிற அந்தச் சில நிமிடங்களில், அது உருளாமல் பிடித்துக்கொள்ள இருப்பது சக்கரத்தடியில் நீங்கள் வைக்கும் கட்டை மட்டும்தான்.

வயரைக் கழற்றினால் பிரேக் இல்லை

‘டிரெய்லருக்குத்தான் பிரேக் இருக்கிறதே?’ என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால், அமெரிக்க டிராவல் டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது மின்சார பிரேக். முன்னால் போகிற வண்டியிலிருந்து வயர் வழியாகக் கரன்ட் வந்தால்தான் அது பிடிக்கும். அந்த இணைப்பைக் கழற்றிவிட்டால் பிரேக் வேலை செய்யாது. காரில் இருப்பதுபோல இழுத்துவிடும் ஹேண்ட் பிரேக்கும் இவற்றில் பொதுவாகக் கிடையாது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஓடும்போது டிரெய்லர் தவறிக் கழன்றுவிட்டால், ஒரு மெல்லிய கம்பி இழுபட்டு ஒரு பின் வெளியே வரும். உடனே டிரெய்லரில் இருக்கும் பேட்டரியின் கரன்ட்டில் பிரேக் பிடித்துக்கொள்ளும். இதை ‘பிரேக் அவே சுவிட்ச்’ என்பார்கள். சிலர் நிறுத்தி வைக்கும்போதும் இந்தப் பின்னை உருவிவிட்டு அதையே ஹேண்ட் பிரேக்காக நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆபத்துக் காலத்துக்கான ஏற்பாடு. மணிக்கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கிவிடும். பேட்டரி இறங்கினால் பிரேக்கும் விட்டுவிடும். பிரேக்கில் இருக்கும் மின்காந்தமும் சூடாகிக் கெட்டுப்போகும்.

இங்கிலாந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளில் ‘கேரவன்’ என்று சொல்லப்படும் டிரெய்லர்களில் ஹேண்ட் பிரேக் உண்டு. அங்கேயும் கட்டைக்கு வேலை இருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே விட்டால் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கட்டையை இறுக்கி வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திவிடுவார்கள்.

சின்னச் சரிவு, பெரிய பாரம்

‘தரை சமமாகத்தானே இருக்கிறது’ என்று நமக்குத் தோன்றும். கண் சொல்வதை நம்ப முடியாது. 33 அடி நீளத்துக்கு 1 அடி இறங்கினால் அது 3 சதவிகிதச் சரிவு. மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக விட்டிருக்கும் சாய்வுபோலத்தான் தெரியும்.

சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 3,000 கிலோ எடையுள்ள ஒரு டிரெய்லரை அந்தச் சரிவில் நிறுத்தினால், கீழ்ப்பக்கமாக அதைத் தள்ளும் விசை சுமார் 90 கிலோ. இரண்டு மூன்று பேர் சேர்ந்து விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதற்குச் சமம். சரிவு 5 சதவிகிதமானால் அது 150 கிலோ ஆகிவிடும். இதற்கு மேல் பக்கவாட்டில் காற்று அடிக்கும், உள்ளே பிள்ளைகள் ஓடுவார்கள், குதிப்பார்கள்.

உருள ஆரம்பித்துவிட்ட 3 டன் பாரத்தை மனிதக் கையால் நிறுத்த முடியாது. ‘பிடி, பிடி’ என்று முன்னால் போய் நிற்பதுதான் ஆகப்பெரிய ஆபத்து. அதோடு, கழற்றிய டிரெய்லரின் முன்பக்கம் ஒற்றை ஜாக்கியின் மேல்தான் நிற்கிறது. சக்கரம் ஓரடி உருண்டாலும் ஜாக்கி சாய்ந்து முன்பக்கம் தரையில் விழும். அந்த நேரத்தில் யார் காலாவது அடியில் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கட்டை வாங்கலாம்?

கடையில் நான்கு வகை கிடைக்கும்.

ரப்பர்: கனமாக இருக்கும், தார், சிமென்ட் தரையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தூக்கிவைக்கச் சிரமம் என்பதைத் தவிர குறை குறைவு. முதல்முறை வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

பிளாஸ்டிக்: இலகுவானது, விலை குறைவு, மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால், வழவழப்பான தரையில் வழுக்கும். அடியில் ரப்பர் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் விறைத்து விரிசல் விடும்.

மரம்: கெட்டியான மரத்தில் சரியான சாய்வோடு அறுத்தால் நன்றாகவே நிற்கும். மழையில் நனைந்து காய்ந்தால் இழையோடு பிளந்துகொள்ளும். பச்சைப் பாசி பிடித்தால் வழுக்கும்.

அலுமினியம், இரும்பு: பலம் அதிகம். அடியில் பல் இருந்தால் மண்ணையும் ஜல்லியையும் கவ்விக்கொள்ளும். சிமென்ட் தரையில் உலோகம் சறுக்கும் என்பதால் அங்கே அவ்வளவாகச் சரிப்படாது.

பொருளைவிட அளவு முக்கியம். கட்டையின் உயரம் டயரின் உயரத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 15 அங்குல ரிம் உள்ள டிரெய்லரில் டயரின் மொத்த உயரம் சுமார் 28 அங்குலம் வரும். அதற்கு 7 அங்குலக் கட்டை வேண்டும். கட்டை குட்டையாக இருந்தால் டயர் அதன்மேல் ஏறிப் போய்விடும். வேகத்தடைமீது கார் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கதைதான். டயரைத் தொடுகிற பக்கம் லேசாகக் குழிந்து, டயரின் வளைவோடு ஒட்டி உட்காருகிறதா என்றும் பாருங்கள். அகலமும் ஏறக்குறைய டயர் அளவுக்கு இருந்தால் நல்லது.

பெட்டியில் ஒரு எடை வரம்பு அச்சிட்டிருக்கும். அது ஒரு கட்டைக்கா, ஒரு ஜோடிக்கா என்று படித்துவிட்டு வாங்குங்கள். டிரெய்லரின் காலி எடையை வைத்துக் கணக்குப் போடாமல், தண்ணீர், சாமான் நிரம்பிய எடையை வைத்துப் பாருங்கள்.

‘ஒரு கல்லை எடுத்து வைத்தால் போதாதா?’ நம் மலைப்பாதைகளில் லாரி பழுதாகி நின்றால் கிளீனர் குதித்து ஓடிக் கல் வைப்பதைப் பார்த்திருக்கிறோம். அது வேறு வழியில்லாத நேரத்துக்கு. உருண்டையான கல் டயரோடு சேர்ந்து உருளும். செங்கல் பாரம் தாங்காமல் நொறுங்கும். திட்டமிட்டுப் போகிற பயணத்துக்கு, குடும்பத்தோடு ஒருவேளை ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் நல்ல கட்டைகளே வாங்கிவிடலாம்.

எங்கே, எப்படி வைப்பது?

முதலில் இறக்கம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பந்தைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். இறங்கும் பக்கத்தில் இருக்கும் கட்டைதான் பாரத்தைத் தாங்கப்போகிறது. ஆனாலும் முன், பின் இரண்டு பக்கமும் வையுங்கள். ஜாக்கியைச் சுற்றும்போதும், மறுபடி இணைக்க டிரக் பின்னால் வந்து இடிக்கும்போதும் டிரெய்லர் எதிர்ப்பக்கமும் நகரப் பார்க்கும்.

ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் வைத்தால் போதாது. இடது, வலது இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். ஆகக் குறைந்தது 4 கட்டைகள். ஒரே அச்சு உள்ள டிரெய்லரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. இரண்டு அச்சு இருந்தால் முன்சக்கரத்துக்கு முன்னே ஒன்று, பின்சக்கரத்துக்குப் பின்னே ஒன்று.

கட்டை டயரின் நடுவில், நேராக, இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார வேண்டும். ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். ஓர் அங்குலம் இடைவெளி விட்டால்கூட, அந்த ஓர் அங்குலத்தில் டிரெய்லர் வேகம் பிடித்து வந்து கட்டையில் மோதும்.

வைக்கும் இடத்தில் இருக்கும் சருகு, பொடி ஜல்லி, பனிக்கட்டி எல்லாவற்றையும் காலால் ஒதுக்கிவிடுங்கள். ஈரப் புல், இளகிய மண் என்றால் கட்டை அமுங்கும். வைத்த அரைமணி நேரம் கழித்தும், மழை பெய்தால் அதன் பிறகும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வந்து சேர்ந்ததும் வரிசை மாறக் கூடாது

முதலில் பக்கவாட்டுச் சமநிலை. இடது பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கச் சக்கரங்களைச் சமன்படுத்தும் பலகைமேல் ஏற்ற வேண்டும். டிரெய்லர் டிரக்கோடு இணைந்திருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். பலகைமேல் நிற்கும் சக்கரம் எளிதில் இறங்கிவிடும் என்பதால், தரையில் நிற்கும் பக்கத்துச் சக்கரங்களுக்கு முதலில் கட்டை கொடுத்து, பிறகு இந்தப் பக்கம் வாருங்கள்.

அடுத்து, நான்கு கட்டைகளும் வைத்தாகிவிட்டதா என்று சரிபார்த்த பிறகு, டிரக்கில் இருப்பவர் பிரேக்கை மெதுவாக விட்டு, டிரெய்லரைக் கட்டைமேல் சாய விட வேண்டும். கட்டை சறுக்கினால் இப்போதே தெரிந்துவிடும். டிரக்கோடு இணைந்தே இருப்பதால் ஆபத்து இல்லை. பிரேக்கை மறுபடி மிதித்துக்கொண்டு, கட்டையை மாற்றி வைக்கலாம். பாரம் கட்டைக்குப் போய்விட்டால் இணைப்பின் மேல் அழுத்தம் குறைந்து, பூட்டும் சுலபமாகத் திறக்கும். உதைத்தும் அடித்தும் திறக்க வேண்டியிருக்காது. இது முடிந்ததும் டிரக்கை ‘பார்க்’கில் போட்டு, அதன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள்.

அதன் பிறகு வயரைக் கழற்றுங்கள், பூட்டைத் திறங்கள், ஜாக்கியை உயர்த்தி டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்குங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளை மட்டும் கடைசி வரைக்கும் விட்டுவையுங்கள். இணைப்பு விட்டபிறகும் டிரெய்லர் அசையாமல் நிற்கிறது என்று உறுதியான பிறகே சங்கிலியைக் கழற்ற வேண்டும்.

இந்த வேலை நடக்கும்போது டிரெய்லரின் இறக்கப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகளை டிரெய்லருக்குள்ளும் விடாதீர்கள். தாத்தா பாட்டியோடு தள்ளி ஓரிடத்தில் உட்காரவையுங்கள். பாத்ரூம் அவசரம் என்று யார் கேட்டாலும் 10 நிமிடம் பொறுக்கச் சொல்லலாம்.

நடுவில் வைக்கும் எக்ஸ் கட்டை

இரண்டு அச்சு டிரெய்லர்களில், இரண்டு டயர்களுக்கு நடுவில் வைத்து முடுக்கும் இரும்புச் சாதனம் ஒன்று உண்டு. கத்தரிக்கோல்போல விரிந்து இரண்டு டயர்களையும் அழுத்திப் பிடிக்கும். ‘எக்ஸ் சாக்’ என்பார்கள். உள்ளே நடக்கும்போது டிரெய்லர் முன்னும் பின்னும் ஆடுவது இதனால் நன்றாகக் குறையும். ராத்திரி ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர் விழித்துக்கொள்ளும் தொந்தரவு இருக்காது.

ஆனால், இது ஆட்டத்தைக் குறைக்கிற கருவி. தரையில் வைக்கும் கட்டைக்குப் பதிலாக இதை மட்டும் நம்பக் கூடாது. பகல் வெயிலில் டயரின் காற்றழுத்தம் கூடும், ராத்திரிக் குளிரில் குறையும். அழுத்தம் குறைந்தால் பிடிப்பும் தளரும். தரைக் கட்டை, சமநிலை, கழற்றுதல் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக இதை முடுக்குங்கள். டயர் நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

நான்கு மூலையிலும் இறக்கிவிடும் ஸ்டெபிலைசர் கால்களுக்கும் இதே பேச்சுத்தான். அவை ஆட்டத்துக்கு, உருளாமல் தடுப்பதற்கு அல்ல. அவற்றை அளவுக்கு மேல் முடுக்கி டிரெய்லரைத் தூக்கினால், டயர் மேலிருக்கும் பாரம் குறைந்து கட்டையின் பிடி விட்டுப்போகும்.

கிளம்பும்போது எல்லாம் தலைகீழ்

வந்தபோது கழற்றுவதற்கு முன்பே வைத்த கட்டையை, போகும்போது எல்லாம் மாட்டி முடித்த பிறகே எடுக்க வேண்டும். ‘எப்படியும் கிளம்பத்தானே போகிறோம்’ என்று காலையில் எழுந்ததும் கட்டையை எடுத்து டிக்கியில் போடுவதுதான் பலர் செய்வது. அந்த நேரத்தில் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை.

முதலில் எக்ஸ் கட்டையையும் ஸ்டெபிலைசர் கால்களையும் எடுங்கள். டிரக்கைப் பின்னால் கொண்டுவந்து இணையுங்கள். பூட்டுங்கள், பூட்டுக்குப் பின் போடுங்கள். ஜாக்கியால் லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். டிரக்கின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் இணைப்பு சரி. சங்கிலி, பிரேக் அவே கம்பி, வயர் மூன்றையும் மாட்டுங்கள். ஜாக்கியை முழுக்க ஏற்றுங்கள். டிரக்கில் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, கட்டைகளை எடுங்கள்.

சில சமயம் கட்டை டயருக்கு அடியில் மாட்டிக்கொண்டு வராது. காலால் உதைப்பதோ, கைவிட்டுப் பிடுங்குவதோ வேண்டாம். நீங்கள் விலகி நின்றுகொண்டு, டிரக்கை அந்தக் கட்டைக்கு எதிர்த்திசையில் ஓர் அங்குலம் நகர்த்தச் சொல்லுங்கள். பிரேக்கைப் பிடித்த பிறகு எடுங்கள், தானாக வந்துவிடும். முன்பக்கம் இருக்கும் கட்டையோடு நகர வேண்டியிருக்கிறது என்பதால், மாட்டாத கட்டையை முதலில் எடுத்துவிடுவது நல்லது.

கட்டை ஒன்றை மறந்துவிட்டுக் கிளம்பினால், டிரெய்லர் அதன்மேல் ஏறி இறங்கும். கட்டை நொறுங்கும், டயர் அடிவாங்கும். நம் ஊர் மலைப்பாதையில் லாரிக்காரர்கள் வைத்துவிட்டு எடுக்காமல் போகும் கல் இருட்டில் பைக்கில் வருகிறவரைக் கவிழ்ப்பதுபோல, விட்டுப்போன கட்டை அடுத்து வருகிறவருக்குத் தடையாகக் கிடக்கும். இதைத் தவிர்க்க ஒரு சுலப வழி, ஜோடிக் கட்டைகளைப் பளிச்சென்ற நிறக் கயிற்றால் கட்டி வைப்பது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் கூடவே வந்துவிடும்.

ஒருவர் பொறுப்பு

‘நீ வச்சிருப்பேன்னு நினைச்சேன்’, ‘நீங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்’ என்ற பேச்சுக்கு இடமே இருக்கக் கூடாது. டிரக்கில் உட்காருகிறவர் ஒருவர்; கட்டைக்குப் பொறுப்பு இன்னொருவர். ‘கட்டை வைத்தாச்சு’ என்று அவர் வாய்விட்டுச் சொல்லாமல் பூட்டைத் தொடக் கூடாது. ‘நாலும் எடுத்தாச்சு’ என்று அவர் சொல்லாமல் வண்டி நகரக் கூடாது. எண்ணும் வேலையை வீட்டிலேயே சின்னவருக்குக் கொடுங்கள். தள்ளி நின்றுகொண்டே ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று உரக்க எண்ணட்டும். பிள்ளைகள் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள், டிரெய்லரை வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே ஏசி, ஸ்டவ் எல்லாவற்றையும் சரிபார்ப்பதுபோல, ‘கட்டை எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது?’ என்று கேட்டுவிடுங்கள். 4 இல்லையென்றால், விரிசல் விட்டிருந்தால், டயர் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது குட்டையாகத் தெரிந்தால், வேறு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பயணம் முடிந்து அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ போட்டோ அனுப்பினால், பின்னால் தெரியும் மலையைப் பார்த்துவிட்டு, அப்படியே சக்கரத்தடியையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கட்டை தெரியவில்லையென்றால் உடனே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.